சேப்பாக்கத்து விளக்கு, எண்ணூர்ப் புகை

சென்னையின் அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், மாநகராட்சிக் கட்டடங்கள் ஆகியவற்றின் மின் பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கு இதை எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுக்க இந்த ஊரின் அரசுக் கட்டடங்களில் பேனல் போர்டும் பம்பும் ஏசியுமாகவே போயிற்று. நாங்கள் சேர்ந்த காலத்தில் விளக்கு எரிய வேண்டும், லிப்ட் ஓட வேண்டும், அவ்வளவுதான் எங்களிடம் கேட்டார்கள். உங்களிடம் அதற்கு மேலும் கேட்கிறார்கள். 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று சென்னை மாநகராட்சியின் காலநிலைச் செயல் திட்டம் 2023ல் சொல்லிவிட்டது. அதில் அரசுக் கட்டடங்களின் பங்கு, நீங்கள் சாவி வைத்திருக்கும் மின் அறைகளில்தான் நடந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

1. யூனிட்டை எடையாகப் பார்க்கப் பழகுங்கள்.

நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. மாலையில் அணைக்காமல் விட்டுப்போன ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரசர் நின்று நின்று ஓடினாலும், மறுநாள் காலைக்குள் பதினைந்து யூனிட் இழுத்துவிடும். பத்துக் கிலோவுக்கு மேல் வாயு, ஆளில்லாத ஓர் அறைக்காக.

அந்த வாயு சேப்பாக்கத்தில் தெரியாது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் தெரியும். அங்கிருந்து வரும் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்திருக்கிறது. ஒரு முறையாவது அங்கே போய், வலை வீசுகிறவர்களோடு பேசிவிட்டு வாருங்கள். இது காலநிலைக் கணக்கு மட்டும் இல்லை, நம் ஊரின் வடக்கே வாழ்கிறவர்களின் மூச்சு என்பது அப்போது புரியும். இந்த வேலையை நான் பெரிதாக நினைப்பதற்கு அதுவே முதல் காரணம்.

2. இரவில் போங்கள்.

எனர்ஜி ஆடிட் என்றால் எல்லோரும் பகல் பதினொரு மணிக்கு வந்து, லக்ஸ் மீட்டரைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக நடப்பார்கள். நீங்கள் இரவு பத்து மணிக்குப் போங்கள். வாட்ச்மேனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மெயின் பேனலில் மீட்டரைப் பார்த்து அந்த நேரத்து லோடைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மாடியின் டி.பி.யையும் திறந்து, வெளியே போகும் கேபிள்களில் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பாருங்கள். எந்த மாடி தூங்கவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த மாடிக்கு விளக்குப் போடாமல் ஏறுங்கள். இருட்டில்தான் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வராந்தாக் கோடியில் வாட்டர் கூலர் உறுமிக்கொண்டிருக்கும். கழிவறையில் எக்ஸாஸ்ட் பேன் சுற்றும். கம்ப்யூட்டர் அறையில் யாருமே இல்லாமல் யு.பி.எஸ். சூடாகிக்கொண்டிருக்கும், அதைக் குளிர்விக்க ஓர் ஏசி ஓடும். மானிட்டர்களின் சின்ன விளக்குகள் வரிசையாகக் கண் சிமிட்டும். ஓர் அறையில் பேன் ஓடுகிற சத்தம் கேட்கும், சுவிட்சைத் தேடினால் கிடைக்காது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் அதன் பின்னால் இருக்கும். பீரோவை வைத்த நாள் முதல் அந்தப் பேன் நின்றிருக்காது.

இதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலிலும் செய்யுங்கள். அலுவலகக் கட்டடம் ஒரு வாரத்தில் இயங்குவது ஐம்பது மணி நேரம்தான். வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். மிச்சமுள்ள நூற்றுச் சொச்சம் மணி நேரத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்பதற்கு யாரும் நியமிக்கப்படவில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லாமல் கிடைக்கும் மிச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

3. பில்லை முழுதாகப் படியுங்கள். பணத்தையும் கரியையும் குழப்பாதீர்கள்.

ஹெச்.டி. பில்லில் யூனிட் தவிர, ஒப்பந்த டிமாண்ட், பதிவான டிமாண்ட், பவர் பாக்டர் எல்லாம் இருக்கும். தேவைக்கு மேல் டிமாண்ட் வாங்கி வைத்திருந்தால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதைக் குறைத்தால் அரசுக்குப் பணம் மிச்சம், கட்டாயம் செய்யுங்கள். கேபாசிட்டர் பேங்க் கெட்டுப்போய் அபராதம் வந்துகொண்டிருந்தால் உடனே சரி செய்யுங்கள். ஆனால் டிமாண்டைக் குறைத்ததற்காக ஒரு கிலோ நிலக்கரிகூடக் குறையாது. பவர் பாக்டரைச் சீராக்கினால் கேபிளில் வீணாவது கொஞ்சம் குறையும், அவ்வளவே. அறிக்கையில் இவற்றைக் கரி குறைப்பு என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுத வேண்டாம். யூனிட் குறைந்ததா, டீசல் குறைந்ததா, ஏசி கேஸ் கசிவு குறைந்ததா, இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும்.

4. கட்டுகிறவர் ஒருவர், எரிக்கிறவர் ஒருவர், பார்த்துக்கொள்கிறவர் ஒருவர்.

அரசுக் கட்டடத்தின் உண்மையான நோய் இதுதான். இதற்குக் கருவி விற்கும் கடை இல்லை.

வீட்டில் பில் கட்டுகிறவரே சுவிட்சையும் அணைக்கிறார். இங்கே அப்படி இல்லை. கட்டடத்தைப் பராமரிப்பது ஒரு துறை. அதற்குக் கிடைக்கும் பராமரிப்பு நிதி குறைவு, ஆகவே விலை குறைந்த பேனைத்தான் மாட்டும். மின்கட்டணம் வேறொரு துறையின் கணக்குத் தலைப்பிலிருந்து போகிறது. அந்தத் துறையின் கணக்குப் பிரிவுக்கு பில் கெடு தேதிக்குள் கட்டப்பட்டால் போதும், யூனிட் ஏறியதா இறங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை. அறையில் உட்கார்ந்து எரிக்கிறவர் இந்த இரண்டையும் பார்த்ததே இல்லை. பெரிய வளாகமாக இருந்தால் இன்னும் சிக்கல். பத்துப் பதினைந்து அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருக்கும், பங்கைச் சதுர அடிக் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். சிக்கனமாக இருந்த அலுவலகமும் ஊதாரி அலுவலகமும் ஒரே பங்கைக் கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது, மாடிக்கு ஒரு சப் மீட்டர். எஸ்டிமேட்டில் எதை வெட்டினாலும் இதை வெட்ட விடாதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். மாதா மாதம் ரீடிங் எடுத்து, போன வருடம் இதே மாதம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று ஒரே ஒரு தாளில் எழுதி, லிப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதாதீர்கள், எண்களே போதும். மூன்றாவது மாதத்தில் யாராவது ஒரு கண்காணிப்பாளர், “எங்க மாடி ஏன் சார் இவ்வளவு?” என்று கேட்டு வருவார். உங்கள் முதல் கூட்டாளி அவர்தான்.

5. சாவிக்காரரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் அலுவலகத்தைத் திறக்கிற அலுவலக உதவியாளர் எட்டரை மணிக்கே எல்லா சுவிட்சையும் போட்டுவிடுவார், ஐயா வரும்போது அறை சில்லென்று இருக்க வேண்டும் என்று. அவரிடம் சுற்றறிக்கை செல்லாது. அவருடைய அதிகாரியிடம் பேசி, “பத்து மணிக்குப் போட்டால் போதும்” என்று அதிகாரியின் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரே பலகையில் பதினாறு சுவிட்ச் இருந்து எது எதற்கு என்று தெரியாவிட்டால் எவரும் எல்லாவற்றையும்தான் போடுவார். சுவிட்சுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது உங்கள் வேலை.

6. கூரையைக் கவனித்த பிறகு ஏசியைப் பற்றிப் பேசுங்கள்.

சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு, மேல் மாடியில் நின்று கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு இரவு வரை இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே உள்ள ஏசி வேலை செய்வது பாதிக்குப் பாதி அந்தக் கான்கிரீட்டுக்காகத்தான்.

நம் முன்னோர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்ட கட்டடங்களில் மரச் சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கட்டாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் கூரை வந்த பிறகும் அந்தச் சுண்ணாம்பு ஜல்லித் தளம் வெதரிங் கோர்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. ஒழுகுகிறது என்று அதைக் கொத்தி எடுத்துவிட்டு வெறும் சிமெண்டும் தார்ப் பூச்சும் போட்ட கூரைகள் இன்று நிறைய. கறுப்புப் பூச்சு அடித்த கூரை வெயிலை முழுதாகக் குடிக்கிறது. அடுத்த முறை ஒழுகல் வேலைக்கு எஸ்டிமேட் போடும்போது, சிவில் பிரிவு நண்பரிடம் போய் வெள்ளை கூலிங் டைல்ஸையோ வெள்ளைப் பூச்சையோ சேர்க்கச் சொல்லுங்கள். தனியாக நிதி கேட்டால் கிடைக்காது. ஒழுகலோடு சேர்த்துக் கேட்டால் கிடைக்கும்.

கூடவே ஜன்னல்களையும் பாருங்கள். கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய கட்டடங்கள் கடற்காற்றுக்கு முகம் கொடுத்தே கட்டப்பட்டவை. மதியத்தில் காற்றுத் திரும்பினால் வராந்தா வழியாக உள்ளே வரும். அந்த ஜன்னல்களை மறைத்துக் கோப்புக் கட்டுகளை அடுக்கி, வராந்தாவை அலுமினியத் தடுப்புப் போட்டு அறையாக்கி, பிறகு அந்த அறைக்கு ஏசி கேட்டு விண்ணப்பம் வரும். பழைய கோப்புகளை ஆவணக் காப்பறைக்கு அனுப்ப வைப்பதும் கரியைக் குறைக்கிற வேலைதான். அதற்கும் அலையுங்கள்.

7. ஏசி.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்திச் சிக்கனச் செயலகம். 2020 ஜனவரி முதல் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆனால் ரிமோட் எடுத்தவர் 18க்குக் கொண்டுபோவதை விதி தடுக்காது. 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று பலரும் நம்புகிறார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி 18லும் 24லும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், 18ல் நிற்காமல் ஓடும், அதுதான் வித்தியாசம். இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். 25ல் வைத்து மேலே மின்விசிறியையும் மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள். சொல்வதைவிட உட்கார்ந்து பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து அவுட்டோர் யூனிட். கட்டடத்தின் பின்பக்கச் சந்தில், எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்றின் அனலை மற்றொன்று உறிஞ்சும்படி மாட்டியிருப்பார்கள். அந்தச் சந்தில் ஒரு தெர்மாமீட்டரோடு நின்று பாருங்கள். வெளியே 36 டிகிரி என்றால் அங்கே 45ஐத் தாண்டியிருக்கும். அந்த ஏசிகள் மூச்சுத் திணறித்தான் ஓடும். கடலோரக் கட்டடங்களில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. சில வருடத்திலேயே கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் பொடியாக உதிரும். தகடு உதிர்ந்தாலும் ஏசி ஓடும், குளிரும், ஆனால் மின்சாரத்தை அதிகமாகத் தின்னும். ஆகவே யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, “கேஸ் தீர்ந்துடுச்சு சார், டாப்-அப் பண்ணணும்” என்ற வார்த்தையைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். ஏசியில் கேஸ் தீராது, கசியத்தான் செய்யும். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒன்றரை டன் ஏசியில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் இருக்கும். அந்த ஒரு கசிவு 2,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான கேடு. ஆர்-410ஏ இதைவிடவும் மோசம், ஆர்-32 ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வருடா வருடம் டாப்-அப் செய்யும் ஒப்பந்தத்தில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க ஒரு வரிகூட இருக்காது. அந்த வரியை நீங்கள் சேர்த்துவிடுங்கள். பழைய ஏசியைக் கழிக்கும்போது கேஸை சிலிண்டரில் இறக்கித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கட்டும். பழைய இரும்புக் கடைக்காரர் குழாயை அறுத்துத் திறந்துவிடுவதை நம் கட்டட வாசலிலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

8. பள்ளிகளில் மின்விசிறி.

சாதாரணப் பேன் 75 வாட். பி.எல்.டி.சி. பேன் சுமார் 30 வாட். வருடத்தில் அதிகம் ஓடும் அறைகளில் முதலில் மாற்றுங்கள், வருடத்துக்கு நான்கு நாள் திறக்கும் கூட்ட அரங்கில் கடைசியாக.

9. மருத்துவமனைக்குள் அலுவலக மூளையோடு நுழையாதீர்கள்.

அறுவை அரங்கின் காற்றோட்டம் நோயாளியின் உயிரோடு கட்டப்பட்டது. அங்கே ஒரு மணிக்கு இத்தனை முறை காற்று மாற வேண்டும், இவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. மயக்க மருந்து மருத்துவரையும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரையும் கேட்காமல் ஒரு டேம்பரைக்கூடத் தொடாதீர்கள். அவர்களிடமே, “அரங்கம் சும்மா இருக்கும் இரவுகளில் வேகத்தைக் குறைக்கலாமா, அழுத்தம் மாறாமல்?” என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும் என்பார்கள்.

மருத்துவமனையில் மிச்சம் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. வெந்நீர், சலவைக்கூடம், ஸ்டெரிலைசேஷன் நீராவிக் குழாய்களில் உதிர்ந்துபோன லேகிங், புறநோயாளிப் பகுதியில் திறந்தே கிடக்கும் கதவுக்கு எதிரே ஓடும் ஏசி. புறநோயாளிக் கூடத்தில் வெயிலில் காத்திருப்பவர்களுக்கு நிழலும் காற்றும் குறையும்படியாக எந்தச் சிக்கனமும் செய்யாதீர்கள். நோயாளியின் வசதியைக் குறைத்து மிச்சம் காட்டுகிற அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிடுங்கள்.

10. ஒழுகும் குழாயும் மின்சாரம்தான்.

மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. ஓர் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் அங்கேயே போகிறது. பிறகு நகருக்குள் பம்பு, நம் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு இன்னொரு பம்பு. கழிவறை சிஸ்டர்னில் நூலாக ஓடும் தண்ணீரை பிளம்பர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். பல முறை ரீவைண்டிங் செய்த பம்பு மோட்டாரை மறுபடி ரீவைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதன் திறன் கொஞ்சம் இறங்குகிறது.

11. சோலார் கடைசியில்.

திறப்பு விழாவுக்கு ஏற்றது என்பதால் எல்லோரும் முதலில் சோலார் கேட்பார்கள். கணக்கைக் காட்டுங்கள். பத்து மாடிக் கட்டடம், மாடிக்குப் பத்தாயிரம் சதுர அடி. தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, அவுட்டோர் யூனிட்டுகள் போக ஆறாயிரம் சதுர அடி மிஞ்சினால், கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி என்று 60 கிலோவாட் வைக்கலாம். சென்னை வெயிலில் கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு யூனிட் என்றால் 240 யூனிட். நன்றாக நடத்தப்படும் ஏசி அலுவலகம்கூட சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 யூனிட் எடுக்கும். நம் காலநிலை மண்டலத்தில் அதற்குக் கீழே போனால்தான் ஐந்து நட்சத்திரம். அந்தக் கணக்கில் இந்தக் கட்டடத்துக்கு நாளொன்றுக்கு 2,500 யூனிட்டுக்கு மேல் வேண்டும். சோலார் தருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரவு லோடைக் குறைத்தே அதைவிட அதிகம் எடுத்துவிடலாம். இரண்டு மாடிப் பள்ளிக்கூடம் வேறு கதை, அங்கே சோலார் முழுத் தேவையையும் தாண்டும். அங்கே தாராளமாகப் போடுங்கள். போட்ட பிறகு மாதம் இருமுறை பேனலைக் கழுவ யார், தண்ணீர்க் குழாய் மாடியில் இருக்கிறதா என்பதையும் அதே எஸ்டிமேட்டில் முடித்துவிடுங்கள்.

12. சான்றிதழை மீட்டர் என்று நினைக்காதீர்கள்.

ஓமந்தூரார் வளாகத்தில் 2010ல் திறக்கப்பட்ட புதிய தலைமைச் செயலகம் பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கத் தரச் சான்று பெற்றது. 2014ல் அதே கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. பகலில் இயங்கும் சட்டமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் வரைந்த கட்டடம், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை ஆகும்போது, பழைய சான்றில் உள்ள கணக்கு ஒன்றுகூட அதற்குப் பொருந்தாது. இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் வேறு பயனுக்குக் கொண்டுவந்தது நல்ல விஷயம், அதன் சிமெண்டிலும் கம்பியிலும் ஏற்கெனவே செலவான கரி வீணாகவில்லை. ஆனால் பயன் மாறும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் புதிதாக அளவெடுக்க வேண்டும். தகட்டை வாசலில் மாட்டிவிட்டு மீட்டரை மறந்துவிடக் கூடாது.

13. குறைந்த விலை டெண்டரோடு மல்லுக்கட்டுங்கள்.

எல்-1 முறையை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் ஸ்பெசிபிகேஷன் எழுதுவது நீங்கள்தான். எத்தனை வாட், எத்தனை நட்சத்திரம், எந்த கேஸ், எத்தனை வருட வாரண்டி என்று இறுக்கமாக எழுதிவிட்டால், பிறகு எல்-1 வந்தாலும் தரம் இறங்காது. முதலீட்டுக்குப் பணமே இல்லை என்றால் வேறு வழியும் உண்டு. மத்திய மின்துறையின் கீழ் உள்ள இ.இ.எஸ்.எல். போன்ற நிறுவனங்கள் தாங்களே செலவு செய்து, மிச்சமாகும் கட்டணத்திலிருந்து தவணையாக எடுத்துக்கொள்கின்றன. லண்டன் மாநகர நிர்வாகம் ரீஃபிட் என்ற திட்டத்தில் தன் பொதுக் கட்டடங்களுக்கு இதையே இன்னும் இறுக்கமாகச் செய்தது. இவ்வளவு மிச்சமாகும் என்று ஒப்பந்தக்காரர் உறுதி தர வேண்டும், குறைந்தால் அந்தத் தொகையை அவரே ஈடுகட்ட வேண்டும். அப்படி ஓர் ஒப்பந்தம் நடக்க, வேலைக்கு முந்தைய பன்னிரண்டு மாத ரீடிங் நம் கையில் சுத்தமாக இருக்க வேண்டும். சப் மீட்டருக்காக நான் இவ்வளவு மன்றாடுவது அதனாலும்தான். ஒப்பிடும்போது மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மே மாதத்தை டிசம்பரோடு ஒப்பிட்டு வெற்றி என்று எழுதுகிற கம்பெனியைத் திருப்பி அனுப்புங்கள்.

14. மாற்றல் வரும்.

மூன்று வருடத்தில் உங்களை வேறு ஊருக்கு அனுப்புவார்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் அணைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி எரியத் தொடங்கும். அதனால் முதல் வாரத்திலேயே ஒரு கனமான நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். ஒற்றைக்கோட்டு மின்வரைபடம், எந்த பிரேக்கர் எந்த அறைக்கு, மாதாந்திர ரீடிங், எந்த ஏசியில் எந்த கேஸ், எப்போது எவ்வளவு ஏற்றினார்கள், இரவு லோடு எத்தனை கிலோவாட்டிலிருந்து எத்தனைக்கு வந்தது, எல்லாவற்றையும் அதில் பேனாவால் எழுதுங்கள். கம்ப்யூட்டரிலும் வையுங்கள், ஆனால் நோட்டு மின் அறையிலேயே இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கிற அன்று சாவியோடு அதையும் பட்டியலில் சேர்த்து, வருபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் அன்று இரவே பத்து மணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டு ரயில் ஏறுங்கள்.